நூறாவது நெற்றிப்பொட்டு

அந்த ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் ஒரு படுக்கை இருந்தது. வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை, காலடியில் மடித்து வைத்த போர்வை என்று சகல வசதியும் அதற்கு உண்டு. நான்கு வருஷமாக அதில் ஒருவரும் படுத்ததில்லை. கீழே வார்டில் இடமில்லாமல் ஆட்கள் ஸ்ட்ரெச்சரிலேயே மூன்று நாள் நான்கு நாள் கிடந்தபோதும் அதில் யாரையும் படுக்க விடவில்லை. ஏனென்றால் அது ‘எளிய படுக்கையோரச் சோதனைகள் மதிப்பீட்டுக் குழு’வின் அதிகாரபூர்வமான படுக்கை. படுக்கையோரச் சோதனை என்றால் படுக்கையின் ஓரத்தில் நடக்க வேண்டும், ஓரத்தில் நடக்க வேண்டுமானால் நடுவில் யாரும் இருக்கக் கூடாது என்று குழு ஏகமனதாக முடிவு செய்திருந்தது. நோயாளி பக்கத்தில் நின்றுகொள்ளலாம்.

குழு தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வியாதியை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிற ஒருவகை ரத்தக்குழாய் அழற்சி. நெற்றிப்பொட்டில் ஓடும் குழாய் வீங்கிக்கொள்ளும். தலை வலிக்கும், சீப்பு பட்டால் மண்டைத்தோல் எரியும், மென்று தின்றால் தாடை கடுக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் கண்பார்வை போய்விடும். போனால் திரும்பாது. ஆனால் சந்தேகம் வந்த அன்றைக்கே சாதாரண ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் கண் தப்பிவிடும். ஆகவே இந்த வியாதியைச் சட்டென்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி வேண்டும். அந்த எளிய வழி எது என்று நான்கு வருஷமாக, பத்தொன்பது பக்கப் படிவத்தில், மூன்று பிரதிகளாக, குழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

போட்டியில் இரண்டு சோதனைகள் இருந்தன. முதலாவது நம்முடைய ஆளின் சோதனை. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ‘இரண்டு விரல்’ என்று பெயர். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நோயாளியின் நெற்றிப்பொட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். குழாய் தடித்து, கயிறு மாதிரி உருண்டால் “இருக்கு” என்பார். மெத்தென்று துடித்தால் “இல்லை” என்பார். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்துவந்தார். நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்ப்பதை அவர் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. தலை வலிக்கிறது என்று உலகத்தில் முதல் ஆள் சொன்ன அன்றைக்கே பக்கத்தில் இருந்தவன் தொட்டுப் பார்த்திருப்பான். ஆனால் ஒரே இடத்தில் இருபத்திரண்டு வருஷம் விரலை வைத்துக்கொண்டிருந்தால் அந்த இடம் தன் பெயருக்குப் பட்டா போட்டது என்று மனுஷனுக்குத் தோன்றிவிடுகிறது.

இரண்டாவது சோதனை, மூன்று வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த ஒரு டாக்டருடையது. நோயாளியின் வாயில் ஒரு சூயிங்கத்தைப் போட்டு, வினாடிக்கு ஒரு தரம் என்று மூன்று நிமிஷம் மென்றுகொண்டிருக்கச் சொல்வாள். அதற்குள் தாடை கடுத்தால் வியாதி இருக்கிறது. அவ்வளவுதான் சோதனை. அவளை எல்லோரும் பிரியமாக ‘சூயிங்கம் டாக்டர்’ என்றார்கள். இரண்டு விரல் அவளை நேரில் ‘நீங்க’ என்றும் மனசுக்குள் ‘அவள்’ என்றும் சொல்லிவந்தார். இந்தக் கதையும் அவர் மனசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப்படுவதால் ‘அவள்’ என்றே போகிறது.

ஒரு சூயிங்கம்! கடைவாசலில் குழந்தைகள் அழுது வாங்குகிற சாமான்! அதை வைத்துக்கொண்டு மூன்றே வருஷத்தில் அவள் போட்டோ பத்திரிகையில் வந்துவிட்டது. அவளுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்தார்கள். இரண்டு விரலின் நாற்காலிக்கு நான்கு கால்தான், அதிலும் ஒன்று குட்டை. அவள் கோட்டுப் பொத்தான்கள்கூட எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதாக அவருக்குப் பட்டது. போதாததற்கு அவள் நல்லவளாகவும் இருந்து தொலைத்தாள். தன் கட்டுரையின் கடைசியில் ‘வழிகாட்டிய மூத்த மருத்துவருக்கு நன்றி’ என்று எழுதியிருந்தாள். அது கிண்டலா இல்லையா என்று கண்டுபிடிக்க அவர் அந்த ஒரு வரியைப் பதினோரு தடவை படித்தார். கிண்டல் இல்லை என்று தெரிந்ததும் வயிற்றெரிச்சல் இன்னும் கூடிப்போயிற்று.

குழு என்றால் சும்மாவா? இரண்டு சோதனைகளையும் முறைப்படுத்த வேண்டுமே. முதலில் சூயிங்கத்தில் கை வைத்தார்கள். புதினா வாசனை வலியை மறக்கடித்துவிடலாம் என்று ஓர் உறுப்பினர் சந்தேகப்பட்டார். பழ வாசனை நோயாளிக்குச் சந்தோஷத்தைக் கொடுத்து முடிவைப் பாதிக்கலாம் என்றார் இன்னொருவர். வாசனையும் ருசியும் இல்லாத சூயிங்கம் செய்து தரச் சொல்லி ஒரு கம்பெனிக்கு எழுதினார்கள். ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அதை வாயில் போட்ட நோயாளிகளுக்கு வியாதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முகம் ஒரே மாதிரி கோணியது. ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் அலுவலக ஊழியர்கள் எல்லோரும் தினமும் காலை பத்து மணிக்கு மூன்று நிமிஷம் மெல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்த நேரத்தில் போன் செய்தவர்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்து விரல்கள். விரலின் அழுத்தம் நாளுக்கு நாள் மாறலாம் என்பதால் இரண்டு விரல் தினமும் ஒன்பது மணிக்கு ஒரு தராசில் விரலை அழுத்திக் காட்ட வேண்டியிருந்தது. அறுபது கிராமுக்கு மேலும் போகக் கூடாது, ஐம்பதுக்குக் கீழும் வரக் கூடாது. ஒரு தடவை அவருக்கு ஜலதோஷம். ஐம்பத்தேழில் நிற்க வேண்டிய முள் தும்மலில் நானூறுக்குப் போய்விட்டது. அன்றைக்கு முழுக்க அவர் யாருடைய தலையையும் தொடக் கூடாது என்று குழுச் செயலர் எழுத்தில் கொடுத்தார்.

இந்தச் செயலர் டாக்டர் அல்ல. கட்டடப் பராமரிப்புப் பிரிவிலிருந்து பதவி உயர்வில் வந்தவர். எளிமையைப் பற்றி அவரைவிடக் கடுமையாகப் பேசுகிறவர் யாரும் கிடையாது.

“எளிமைன்னா என்னன்னு நினைச்சீங்க?” என்று கேட்பார். “நாலு பேர் உக்காந்து, தனித்தனியா எழுதி, ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் பாக்காம, கடைசில நான் கையெழுத்துப் போட்டாத்தான் அது எளிமை. மத்ததெல்லாம் அவசரம்.”

இருந்தாலும் குழுவின் மகுடம் பதினான்காவது விதிதான். இரண்டு சோதனைகளும் முடிந்து, இரண்டு மதிப்பீட்டாளர்களும் கையெழுத்திட்ட பிறகுதான் நோயாளிக்கு மாத்திரை. மாத்திரை கொடுத்தால் வலி குறைந்துவிடும். வலி குறைந்தால் சோதனை கெட்டுவிடும். அந்த மாத்திரைகளை ஐந்தாவது மாடியில் ஒரு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் செயலர் இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

இப்படியாகத் தொண்ணூற்றொன்பது நோயாளிகள் ஆயிற்று. எண்ணிப் பார்த்தபோது இரண்டு விரல் சரியாகச் சொன்னது எழுபத்தொன்று. சூயிங்கம் சரியாகச் சொன்னதும் எழுபத்தொன்று. நூறாவது நோயாளிதான் தீர்ப்பு. ஜெயிக்கிற சோதனை பாடப்புத்தகத்தில் ஏறும், அதைச் செய்தவர் பெயரோடு. இரண்டு விரலுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தை மூன்று நிமிஷம் மென்று துப்பிவிடப் போகிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த வாரத்தில்தான் அவருடைய அக்கா வந்தாள்.

அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிற பள்ளி நடத்துகிறாள். முப்பது வருஷமாகப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பாதித்தவள். நேராக வெளிநோயாளிப் பிரிவில் வரிசையை மீறிக்கொண்டு அவர் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

“டேய், மூணு வாரமா தலைவலி உயிரை எடுக்குது. சீப்பு வச்சா முடியைப் பிடுங்கற மாதிரி இருக்கு. என்னன்னு பாரு.”

“வேற ஏதாவது இருக்காக்கா?”

“சாப்பிட்டா தாடை வலிக்குதுடா. பாதிச் சாப்பாட்டுல நிறுத்திட்டு, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு மறுபடி சாப்பிடறேன். சாப்பிடறதுக்கு ரெஸ்ட் எடுக்கற ஆளை நீ பாத்திருக்கியா?”

பார்த்திருந்தார். நிறையப் பார்த்திருந்தார். பாடப்புத்தகத்தை யாரோ அக்காவுக்கு மனப்பாடம் செய்வித்து அனுப்பியது போல இருந்தது. இரண்டு விரலையும் அக்காவின் நெற்றிப்பொட்டில் வைத்துக் கண்ணை மூடினார். வலப்பக்கம் மெத்தென்று துடித்தது. இடப்பக்கமும் மெத்தென்று துடித்தது. கயிறும் இல்லை, கட்டியும் இல்லை.

ஒரு டாக்டர் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். விரல் ‘இல்லை’ என்றாலும் மற்ற எல்லாம் ‘இருக்கு’ என்கின்றன. இரண்டு கதவு தள்ளி அவள் இருக்கிறாள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சூயிங்கம் மெல்ல வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் சங்கடம். அக்கா நூறாவது ஆளாகிவிடுவாள். விரல் இல்லை என்றது, சூயிங்கம் இருக்கு என்றது, எழுபத்தொன்றுக்கு எழுபத்திரண்டு. சொந்த அக்காவின் தாடையாலேயே அவள் ஜெயித்துவிடுவாள். இதை நினைத்ததும் அவருக்குள் என்னவோ கெட்டியாக மூடிக்கொண்டது.

“ஒண்ணுமில்லக்கா,” என்றார். “குழாய் நல்லா இருக்கு. பல்லுல ஏதோ கோளாறு. அதான் தாடை வலிக்குது, தலைக்கும் ஏறுது. பல் டாக்டரைப் பாரு.”

“நிச்சயமாவா?”

“இருபத்திரண்டு வருஷமா தொட்டுப் பாக்கறேன்கா.”

அக்கா எழுந்தாள். நடைவழியில் எதிரே வந்த சூயிங்கம் டாக்டர் அவளைப் பார்த்து, “யாரும்மா, சார் வீட்டுக்காரங்களா? எதுக்கு வந்தீங்க?” என்று சிரித்தபடி கேட்டாள். அக்கா வாயைத் திறக்குமுன் இரண்டு விரல் பாய்ந்து வந்து, “என் அக்கா. சும்மா என்னைப் பாக்க வந்தாங்க,” என்று சொல்லி லிஃப்ட்டுக்குள் தள்ளிவிட்டார்.

பல் டாக்டர் கடமை தவறாதவர். தாடை வலி என்று வந்தவளை வெறும் கையோடு அனுப்பினால் நன்றாயிருக்குமா? இடப்பக்கக் கடைவாயில் சந்தேகத்துக்கு இடமான இரண்டு பற்களைப் பிடுங்கினார். வலி அப்படியே இருந்தது. அக்கா போனில் தெரிவித்தாள்.

“ரெண்டு பல்லுடா. பிடுங்கினதுக்கு அப்புறம் பாத்துட்டு, நல்ல பல்லுதான் போலிருக்குன்னு அவரே சொல்றார்.”

அவர் “கொஞ்ச நாள்ல சரியாயிடும்க்கா” என்றார். போனை வைத்தபின் கையைக் கழுவினார். ஏன் கழுவுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மறுபடி போன். அக்காவின் குரல் இப்படிச் சின்னதாக அவர் கேட்டதே இல்லை.

“டேய், ஒரு பேங்க் ஆபீசருக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுத்துட்டிருந்தேன். திடீர்னு இடது கண்ணுல திரை இறங்கின மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணுமே தெரியல. பத்து நிமிஷம். இப்பத்தான் திரும்ப வந்திருக்கு. எனக்குப் பயமா இருக்குடா.”

அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு விரலுக்குத் தெரியும். திரை ஒரு தடவை இறங்கி ஏறினால் அது எச்சரிக்கை. அடுத்த தடவை இறங்கினால் ஏறாது. உடனே டாக்ஸி பிடித்து வரச் சொன்னார். வாசலிலேயே நின்று அவளைக் கைப்பிடியாக ஐந்தாவது மாடிக்கு அழைத்துப் போனார். மாத்திரை அங்கேதான் இருக்கிறது. பீரோவில், பூட்டி.

ஐந்தாவது மாடியில் குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. படுக்கையைச் சுற்றி நாற்காலி போட்டுப் பன்னிரண்டு பேர். துறைத்தலைவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். நோயாளியைத் தொட்டுப் பல வருஷமாகிவிட்ட சுத்தமான கைகள் அவருக்கு.

“சார், அவசரம்,” என்றார் இரண்டு விரல். “இவங்களுக்கு ஒரு கண்ணு பத்து நிமிஷம் போய்ட்டு வந்திருக்கு. உடனே மாத்திரை வேணும். பீரோவைத் திறக்கச் சொல்லுங்க.”

தலைவரின் முகம் மலர்ந்தது. “நூறாவது கேஸா?”

“என் அக்கா சார்.”

“ரொம்ப சந்தோஷம். படுக்கைக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க.”

செயலர் எழுந்தார். “ஒரு நிமிஷம். சாரோட விரல் இன்னிக்கு தராசுல வைக்கப்படலை. ஒன்பது மணிக்குத் தராசு பழுது. தராசு வந்து, விரல் வச்சு, அப்புறம் மெல்லற சோதனை, அப்புறம் கையெழுத்து, அப்புறம் மாத்திரை. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம். நான் வேணா அவசரம்னு மேல எழுதித் தரேன்.”

“நாளைக்குக் கண்ணு இருக்காதுங்க!”

“அது சோதனையைப் பாதிக்காதே,” என்றார் செயலர். “கண்ணுக்கும் படிவத்துக்கும் சம்பந்தமில்ல. நீங்க முதல் பக்கத்தைப் படிங்க.”

தலைவர் கையை உயர்த்தினார். நாலு பேர் பேனாவை எடுத்துக்கொண்டார்கள். “உணர்ச்சிவசப்படாதீங்க. எனக்கும் அக்கா இருக்காங்க. ஆனா ஒண்ணை மறக்கக் கூடாது. நோயாளியைக் காப்பாத்த ஊர்ல நூறு ஆஸ்பத்திரி இருக்கு. சோதனையைக் காப்பாத்த நாம மட்டும்தான் இருக்கோம். இன்னிக்கு ஒரு கண்ணுக்காக விதியைத் தளர்த்தினா, நாளைக்கு ரெண்டு கண்ணோட ஒருத்தர் வந்து நிப்பார். அப்ப நான் என்ன பதில் சொல்றது?”

பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, இரண்டு விரலின் தலையும் பாதி ஆடிவிட்டது. நான்கு வருஷப் பழக்கம். பிறகுதான் அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா இடது கண்ணைக் கையால் பொத்தி, எடுத்து, பொத்தி, எடுத்து, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சூயிங்கம் டாக்டர் எழுந்து வந்தாள். தன் கைப்பையிலிருந்து ஒரு சூயிங்கத்தை எடுத்தாள். குழு அங்கீகரித்த சூயிங்கம் அல்ல, கடையில் வாங்கிய பச்சைத் தாள் சுற்றிய புதினா. நாற்காலியில் உட்கார வைத்து அக்காவின் வீக்கமில்லாத வலப்பக்கக் கடைவாயில் கொடுத்தாள்.

“மெல்லுங்கம்மா. வலிச்சா நிறுத்திடுங்க.”

அக்கா மென்றாள். அறை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டு, “முடியலம்மா” என்றாள். கண்ணில் தண்ணீர்.

“நாற்காலியில செஞ்சது செல்லாது,” என்றார் செயலர்.

சூயிங்கம் டாக்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு விரலைப் பார்த்தாள். குரலில் எரிச்சல் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“சார், எதுக்கு இந்தப் பீரோ? நீங்க டாக்டர்தானே? சீட்டு எழுதுங்க. எதிர்ல மருந்துக்கடையில இந்த மாத்திரை எப்பவும் இருக்குமே.”

இரண்டு விரல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஆமாம், அவர் டாக்டர். அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. கோட்டுப் பையில் மருந்துச் சீட்டுக் கட்டு இருந்தது. எந்த நாளிலும், முதல் நாள் அக்கா வந்து உட்கார்ந்தபோதே, இரண்டு வரி எழுதி எதிர்க்கடைக்கு அனுப்பியிருக்கலாம். நான்கு வருஷமாகப் படிவம் மட்டுமே நிரப்பியதில் மருந்து எழுதும் அதிகாரம் தனக்கு உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்தக் கலவரத்திலும் அவர் மனசில் ஒரு மூலை எரிந்தது. இதையும் அவள்தான் முதலில் சொன்னாள்.

எழுதினார். மூன்று மாடி வரை லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினார், மிச்சம் இரண்டு மாடியை எப்படி இறங்கினார் என்று ஞாபகமில்லை. பதினைந்து நிமிஷத்தில் மாத்திரை அக்கா வயிற்றில் இருந்தது. மறுநாள் காலை தலைவலி பாதி போயிருந்தது. கண்ணில் திரை மறுபடி இறங்கவில்லை. ஒரு வாரத்துக்குள் நெற்றிப்பொட்டுக் குழாயில் சின்னத் துண்டு வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அதே வியாதிதான். குழாயில் அழற்சி அவர் தொட்ட இடத்தில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருந்தது. விரலுக்கு அது எட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆண்டு விழா. ஆஸ்பத்திரி அரங்கில் முன்வரிசையில் பெரியவர்கள், கடைசி வரிசையில் ‘சிறப்பு நோயாளி’ என்ற சீட்டைக் குத்திக்கொண்டு அக்கா. துறைத்தலைவர் முடிவை அறிவித்தார்.

“நூறாவது நோயாளி விலக்கப்படுகிறார். சோதனை நாற்காலியில் நடந்தது, சூயிங்கம் அங்கீகாரம் பெறாதது, மாத்திரை முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. அவர் குணமானது எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் குணமானதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே இரண்டு சோதனைகளும் சமம். இந்தச் சமநிலையைக் கண்டுபிடித்த நடுநிலைக்காகக் குழு மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கப்படுகிறது.”

கைதட்டல். அக்காவும் தட்டினாள். தலைவர், இரண்டு மதிப்பீட்டாளர்களும் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். சூயிங்கம் டாக்டர் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். தலைவருக்கு விழுந்ததைவிட அவளுக்கு அதிகக் கைதட்டல் விழுந்தது. வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு விரல் எத்தனை பேர் தட்டினார்கள் என்று எண்ணுவார். அன்றைக்கு எண்ணவில்லை. ஒலிபெருக்கி முன் போய் நின்றார்.

“நூறாவது நோயாளியை நான் அதுக்கு ஆறு நாள் முன்னாடியே தொட்டுப் பாத்தேன்,” என்றார். “என் விரல் இல்லைன்னு சொல்லுச்சு. மத்ததெல்லாம் இருக்குன்னு சொல்லுச்சு. சூயிங்கம் கொடுத்துப் பாத்திருக்கணும். கொடுக்கல. கொடுத்தா இந்த டாக்டர் ஜெயிச்சிடுவாங்கன்னு கொடுக்கல. பல் டாக்டர்கிட்ட அனுப்பிட்டேன். எனக்குப் பொறாமை. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

செயலர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் ஒலிபெருக்கியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நம் மூத்த மருத்துவரின் அடக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததே. ஆனால் பதிவுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் தொட்டதற்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாததால் தொடுதல் இல்லை. தொடுதல் இல்லாததால் தவறும் இல்லை. மேலும் பொறாமைக்கு நம் பத்தொன்பது பக்கத்தில் கட்டம் கிடையாது. இந்த நிறுவனத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் நாங்கள் கட்டம் போட்டிருப்போம். இருபதாம் பக்கம் சேர்ப்பது பற்றி ஆராய ஒரு துணைக்குழுவை இங்கேயே நியமிக்கிறேன். அதற்கு அவரே தலைவராக இருப்பார்!”

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். அவருக்கு இதுவரை கிடைத்த கைதட்டல்களிலேயே பெரியது அதுதான். அந்தச் சத்தத்துக்கு நடுவே இரண்டு விரல் கடைசி வரிசையைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது.

வாசலில் அக்காவின் கார் நின்றது. கண் டாக்டர் பார்த்து வண்டி ஓட்டலாம் என்று சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கதவுக்கு வெளியே நின்றார்.

“ஏறு,” என்றாள் அக்கா, அவரைப் பார்க்காமல்.

ஏறினார். அவள் வண்டியை எடுத்தாள். கியர் மாற்றும்போது கை கொஞ்சம் அதிகமாக அழுத்தியது. மூன்றாவது தெருவில் சிவப்பு விளக்குக்கு வண்டி நின்றது.

“எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்,” என்றாள். “ஏன்டா சொன்ன?”

“எங்கயாவது சொல்லணும்னு இருந்துச்சுக்கா. உன்கிட்டத் தனியாச் சொல்லத் தைரியம் இல்ல.”

“அதனால நானூறு பேருக்கு முன்னாடி சொன்ன.”

“ஆமா.”

“அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?”

“என்னைத் திட்டல. நான் மேடையை விட்டு இறங்கும்போது அழுதுட்டிருந்தாங்க.”

“உனக்காகவா?”

இரண்டு விரல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இல்ல. ‘பாவம் உங்க அக்கா, எவ்வளவு வலிச்சிருக்கும்’னு சொன்னாங்க. உனக்காகத்தான்.”

அக்கா ஸ்டியரிங்கில் இருந்த பிடியைத் தளர்த்தினாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது. அது தன்னை நினைத்து இளகவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. போட்டோவுக்காக, சக்கரம் வைத்த நாற்காலிக்காக, கைதட்டலுக்காக மூன்று வருஷம் பட்ட பொறாமையெல்லாம் விளையாட்டு என்று ஆகும்படி அந்த நிமிஷம் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

“நல்ல பொண்ணுடா அது,” என்றாள் அக்கா. விளக்கு பச்சையாயிற்று. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை.

“உன்னை என்ன சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல.”